டிரைவருக்குப் பக்கத்து சீட்

கேப்டன் குகநேசன் விமானத்தைக் கொண்டுபோய் மண்ணில் மோதினார். விஜிதரன் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, மோதும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

முன்னாலிருந்த திரை சிவந்து நின்றது. ஆட்டம் அடங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அது கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் ஒரு கட்டிடத்துக்குள் நிற்கிற சிமுலேட்டர். சன்னலுக்குப் பதில் திரை, இறக்கைக்குப் பதில் இரும்புக் கால். ஆனாலும் அந்த உள்ளூர் விமானக் கம்பெனி ஆளை எடுப்பதும் விரட்டுவதும் அந்த இரும்புக் காலின் மேல் வைத்துத்தான்.

முதல் பாதியில் விஜிதரன் ஓட்டினான். ஒரு எஞ்சினை அணைத்துவிட்டார்கள், சமாளித்தான். குறுக்குக் காற்றை விட்டார்கள், ஆடாமல் இறக்கினான். அடுத்த பாதியில் கேப்டன் ஓட்டுவார், இவன் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். அதில்தான் செத்தான்.

பலாலி விமான நிலையத்தில் அடைமழை என்று வைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் குறித்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த உயரம் வந்தது, ஓடுபாதை வரவில்லை. கேப்டன் வேண்டுமென்றே இறங்கிக்கொண்டே போனார். அப்போது பக்கத்தில் இருப்பவன் ‘கோ அரவுண்ட்’ என்று சொல்ல வேண்டும், திரும்ப மேலே ஏற்று என்று அர்த்தம். கேப்டன் கேட்காவிட்டால் கைப்பிடியைப் பிடுங்கித் தானே ஏற்ற வேண்டும். விஜிதரனுக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். உயரம் காட்டுகிற எண்ணை விட்டு அவன் கண் நகரவே இல்லை. அவன் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

“மேகம் கொஞ்சம் கூடத்தான் இருக்கு போல, சேர்.”

குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு முழுசாக இவன் பக்கம் திரும்பினார்.

“நீர் உயரத்தைப் பார்த்தனீரோ?”

“பார்த்தேன், சேர்.”

“பிறகு ஏன் வாய் திறக்கேல்லை?”

“சொன்னேன், சேர். மேகம்...”

“மேகத்தைப் பற்றி ஆர் கேட்டது? நான் என்ன, நெல்லுக் காயப்போட்டிட்டு உம்மட்டை மழை வருமோ எண்டு கேட்டனானோ? பின்னாலை இருந்த சனம் முழுக்கச் செத்துப் போச்சு. நீர் எனக்கு மேகம் காட்டிறீர்.” குரலை உயர்த்தாமல் சொன்னார்: “உங்கட தேயிலைத் தோட்டங்களிலை துரையைக் கண்டா ரோட்டோரக் கானுக்குள்ளை இறங்கி நிப்பினமாம். இது தோட்டமில்லை. நான் துரையுமில்லை.”

விஜிதரனுக்குக் காது மடல் வரை சுட்டது. உன் மூஞ்சியில் துப்புகிறேன் பார் என்று உள்ளே ஒருவன் எழுந்து நின்றான். வெளியே வந்தவன் வேறு ஆள்.

“சரிங்க, சேர்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்” என்று கேப்டன் எழுந்து போனார்.

முதல் பாதி நன்றாக இருந்தபடியால் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னது. அடுத்த வாரம் வர வேண்டும். அதிலும் தவறினால் மூன்றாவது என்று ஒன்று கிடையாது. கட்டார் நாட்டில் தாதியாக இருக்கும் அக்கா பிரேமினி தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு இவனுக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு போன் பண்ணவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, பொகவந்தலாவை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பஸ் வளைவு வளைவாக ஏறும்போது ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் ஓடியது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார இவனுக்குப் பழக்கிவிட்டது யார்?

அப்பா அழகன் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். மேல் டிவிசன் மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுத்துப் போட்ட தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு கீழே ஸ்டோர் என்கிற ஃபாக்டரிக்கு இறக்குகிற வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் விஜிதரனை முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். ஒரு நாள் வளைவில் மாடு நின்றது. “அப்பா, மாடு” என்றான். லொறியை நிறுத்தி, மாடு போகும்வரை பொறுத்திருந்து, அப்புறம் திரும்பி ஒரு அறை விட்டார். உதடு கிழிந்தது. ஸ்டேரிங்கைப் பிடித்தவனுக்குக் கண் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற நாய் குரைக்கத் தேவையில்லை என்றார். அதற்குப் பிறகு அந்த சீட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறான். வாய் திறந்ததில்லை.

பைலட் படிப்பு என்று கிளம்பியபோதும் அழகன் ஆசீர்வாதம் பண்ணவில்லை. “வானத்துல ரோடும் இல்ல, கானும் இல்ல. எவன் வேணா ஓட்டலாம். இந்தக் கோயில் வளைவுல ஒரு லொறியத் திருப்பிக் காட்டு, அப்புறம் பேசலாம்” என்றார். லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். லயமும் சிரித்தது.

சந்தியில் இறங்கியபோது அப்பாவின் கொழுந்து லொறி கீழே வந்துகொண்டிருந்தது. முன்னால் கிளீனர் இருந்ததால் பின்னால் ஏறினான். கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் வேலை முடிந்த பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். லொறியில் ஆள் ஏற்றக் கூடாது என்று தோட்டத்தில் சட்டம். அந்தச் சட்டத்தின்படி நடந்தால் அவர்கள் இருட்டுக்கு முன்னால் லயம் போய்ச் சேர மாட்டார்கள். அம்மா அம்மாக்கண்ணுவும் இருந்தாள். இடுப்பில் கட்டுகிற, நனைந்த படங்குச் சாக்கை மடித்து இவனுக்கு இடம் விட்டாள். பாஸா என்று கேட்டாள். இன்னொருக்கா கூப்பிட்டிருக்காங்க என்றான்.

லொறி நகர்ந்தது. முன்பக்கப் பலகைக்கு மேலாகத் தலையை நீட்டி நின்ற காளியாயி, வெத்தலையைத் துப்பிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகச் சொன்னாள்:

“ஏன்டி, எதிருக்க வர்றது ஹட்டன் பஸ்சு போல இருக்கே. அவனும் நடு ரோட்டுலதான் வர்றான்.”

லொறி உடனே ஓரம் கட்டியது. பஸ் உரசிக்கொண்டு போனது.

கொஞ்சம் தள்ளி, “யாரு வீட்டு ஆட்டுக்குட்டியோ, ரோட்டுலயே படுத்துக் கெடக்கு” என்றாள் காளியாயி. லொறி பிரேக் பிடித்தது.

அதற்குப் பிறகு, “முந்தாநாள் பேஞ்ச மழைக்கு மதகுகிட்ட குழி பெருசாப் போச்சு, என்னக்கா” என்று வேறொருத்தி. லொறி இடது பக்கமாக வளைந்து போனது.

விஜிதரன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து, அழகன் பைப்படிக்குப் போன பிறகு அவளைப் பிடித்தான். அவள் ரொட்டியைத் தட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். அப்பாவின் கண்ணில் புரை விழுந்து, போன வருஷத்திலிருந்தே இப்படித்தான். வெளிச்சத்தில் நிழல் நிழலாகத் தெரியும், மிஸ்ட் இறங்கினால் அதுவும் இல்லை. ரோடு மனப்பாடம் என்பதால் ஓட்டுகிறார். பொம்பளைகளுக்கெல்லாம் தெரியும். டிரைவரிடம் நேரே சொன்னால் அவமானம் என்று தங்களுக்குள் பேசுகிற மாதிரி பேசிக் கொடுக்கிறார்கள். அவரும் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்கிறார். கிளீனர் மட்டும் வாய் திறக்க மாட்டான், அவனும் அறை வாங்கினவன்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே, சின்ன ஒப்பரேஷன்தானே என்றான். கண்ணைக் காட்டினால் பார்வை இல்லை என்று எழுதிக் கொடுப்பார்கள், எழுதிக் கொடுத்தால் லொறியைப் பிடுங்குவார்கள் என்றாள்.

“ரிட்டயராகப் போற மனுசன். அதுவரைக்கும் மரியாதையா ஓட்டட்டும். நீ ஒன்னும் பேசிறாத.”

ரத்மலானையில் தான் சொன்ன மேகம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. காளியாயியின் பேச்சை ஆங்கிலம் படித்தவன் பேசினால் அப்படித்தான் இருக்கும்.

ரெண்டு நாள் கழித்துக் கிளீனர் காய்ச்சலில் படுத்தான். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று அழகன் வாசலைப் பார்த்துச் சொன்னார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை. விஜிதரன் போய் ஏறினான்.

போகும்போது வெயில் அடித்தது. மேல் டிவிசனில் நிறுவை முடிந்து மூட்டை ஏற்றும்போதே மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து நனையக் கூடாது என்று பின்னால் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பொம்பளைகள் அதற்குக் கீழே புகுந்துகொண்டார்கள். அப்போதுதான் விஜிதரனுக்கு உறைத்தது. காளியாயியால் இனி ரோட்டைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் மழைச் சத்தத்தில் அவள் பேசுவது முன்னால் கேட்காது.

லொறி இறங்கியது. கண்ணாடியில் வைப்பர் அடித்தும் வெள்ளைதான். அழகன் நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கமான வேகத்தில், வழக்கமான இடத்தில் கியரை மாற்றி, வழக்கமான இடத்தில் ஹார்ன் அடித்து ஓட்டினார். பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது. எதையும் பார்க்காமல் ஓட்டுகிறார் என்று பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கோயில் வளைவுக்கு மேலே, இறங்கும்போது வலது கைப் பக்கமான பள்ளத்து ஓரம் முந்தின இரவு மழையில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. காலையில் ஏறும்போது விஜிதரன் அதைக் கண்டான். ஏறும்போது அழகன் வளைவை மலைப் பக்கமாக வெட்டித்தான் எடுப்பார், அதனால் அதை மிதிக்கவில்லை. அவருடைய மனப்பாடத்தில் அந்த ஓரம் இன்னும் இருந்தது. இறங்கும்போது வளைவை எடுக்க அவர் எப்போதும் அந்த ஓரத்துக்குத்தான் போவார்.

“மழைக்கு ரோடு ஒதுங்கியிருக்கும் போல” என்றான் விஜிதரன், கண்ணாடியைப் பார்த்து.

“ஒன் சோலியப் பாரு.”

“அந்தப் பக்கம் மண்ணு எளகியிருக்கும்னு...”

அழகன் இடது கையை ஸ்டேரிங்கிலிருந்து எடுத்துப் பின்னங்கையால் அவன் வாயில் அடித்தார். லொறி வலது பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. பழைய இடத்தில், பழைய உதடு கிழிந்து உப்புக் கரித்தது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே யாரோ ஏதோ சொல்ல, பொம்பளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“நிறுத்துங்க, அப்பா. அங்க ரோடு இல்ல.”

“இருக்கு. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியல. உங்களுக்குக் கண்ணு தெரியல. நிறுத்துங்க.”

அவர் நிறுத்தவில்லை. விஜிதரன் கை பிரேக்கை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தான். லொறி வழுக்கி, குலுங்கி, எஞ்சின் செத்து நின்றது. முன் வலது சில்லின் பாதி வெறும் காற்றில் இருந்தது.

பிறகு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சில்லைப் பார்த்தார்கள், அதற்குக் கீழே பள்ளத்தைப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “மழைன்னா டிரைவரண்ணே இந்த எடத்துல நிறுத்தித்தானே எடுப்பாரு” என்றாள் மற்றவர்களைப் பார்த்து. ஆமா ஆமா என்றார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பின்னாலேயே தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பக்கவாட்டில் முந்தப் பார்த்தபோது, கண்ணு தெரியல என்று பையன் கத்தியதை அவனும் கேட்டிருந்தான். கீழே இறங்கிய அழகனிடம் நேரே போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று கேட்டான்.

“அழகன், என் பைக் நம்பர் என்ன, வாசிங்க பார்ப்போம்.”

அழகன் மோட்டார் சைக்கிள் பக்கம் முகத்தைத் திருப்பி, நெஞ்சை நிமிர்த்தி, எழுத்தும் எண்ணுமாக அட்சரம் பிசகாமல் சொன்னார். எத்தனை வருஷமாகப் பார்க்கிற பைக். மழைக்குள்ளேயும் குரல் கணீரென்று வந்தது.

பொம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கணக்கப்பிள்ளையின் பைக் பஜாரில் ரிப்பேருக்குக் கிடந்தது. அன்றைக்கு அவன் வந்தது தம்பியுடைய சிவப்பு பைக்கில்.

“சாவியக் குடுங்க” என்றான்.

அழகன் ஒரு நிமிஷம் யாராவது சொல்லித் தருவார்களா என்பதுபோல் பொம்பளைகள் பக்கம் காதைத் திருப்பினார். ஒருத்தியும் பேசவில்லை. சாவியை நீட்டினார், கணக்கப்பிள்ளை நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அவன்தான் நகர்ந்து வாங்கிக்கொண்டான்.

அம்மாக்கண்ணு வந்து விஜிதரன் கன்னத்தில் அறைந்தாள். அவளும் அந்த லொறிக்குள்தான் இருந்தாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒன்ன யாரு வாயத் தொறந்து சொல்லச் சொன்னா?”

“உருண்டிருக்கும்மா.”

“உருண்டா உருண்டுட்டுப் போகட்டும். இப்ப எப்பிடிடா அவரு ரோட்டுல நடப்பாரு?”

விஜிதரன் குனிந்து சில்லுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான்.

மறுநாளிலிருந்து அழகனை ஸ்டோரில் விறகு அடுக்கப் போட்டார்கள். கீழ் டிவிசனிலிருந்து ஒரு சின்னப் பையன் லொறிக்கு வந்தான். லயத்தில் விஜிதரன் பைப்படிக்குப் போனால் பேச்சு நின்றது. அப்பன் சோத்தில் மண்ணைப் போட்டவன் என்று ஒருத்தி குடத்தைப் பார்த்துச் சொன்னாள். ஏரோப்ளேன் ஓட்டப் போறவருக்கு லொறி டிரைவர் எதுக்கு என்று இன்னொருத்தி பைப்பைப் பார்த்துச் சொன்னாள். எவளும் இவனைப் பார்த்துச் சொல்லவில்லை. அழகன் அவனிடம் பேசவும் இல்லை, அவன் இருந்த அறையில் சாப்பிடவும் இல்லை.

கொழும்புக்குக் கிளம்பிய அன்று காலையில் மழை விட்டிருந்தது. புதுப் பையன் ஓட்டிய லொறி சந்திக்குப் போனது, வாங்கண்ணே ஏறுங்க என்றான். விஜிதரன் நடந்தே போனான். ஸ்டோர் வாசலில் அப்பா விறகுக் கட்டையைக் கையால் தடவித் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். நிமிரவில்லை.

ரத்மலானையில் அதே சிமுலேட்டர், அதே பலாலி, அதே மழை. இந்தத் தடவை அவனுக்கு ஓட்டக் கொடுக்கவே இல்லை. கேப்டன் குகநேசன் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, இவன் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் ஆரம்பித்தார். குறித்த உயரம் வந்தது. திரையில் வெள்ளை.

“கோ அரவுண்ட்” என்றான் விஜிதரன்.

“எனக்கு ஓடுபாதை தெரியுது. பேசாமல் இரும்.”

“தெரியல. கோ அரவுண்ட்.”

“இருபது வருசமா நான் இறக்கிற இடம். நீர் எனக்குச் சொல்லித்தாறீரோ?”

கேப்டன் கையைத் தளர்த்தவில்லை. விஜிதரனின் நாக்கு கிழிந்த உதட்டைத் தொட்டது.

“உங்களுக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு, விமானம் இனித் தன் கையில் என்பதற்கான சொற்களைச் சொல்லி, கைப்பிடியை இழுத்தான். கேப்டன் எதிர்த்துப் பிடித்தார். அவர் விரல்களைத் தள்ளிவிட்டு எஞ்சினை முழுசாகத் திறந்தான். வெள்ளைக்குள்ளேயே விமானம் ஏறியது. எண்கள் கூடிக்கொண்டு போயின. ஏறி முடிந்து சமமான பிறகுதான் கேப்டன் கையை எடுத்தார்.

வெளியே வந்ததும் புறங்கையைத் திருப்பிக் காட்டினார். நகம் கீறிச் சிவந்திருந்தது.

“மிருகமோ நீர்?”

விஜிதரன் அந்தக் கீறலைப் பார்த்தான்.

“போன கிழமை செத்த பிணம் மாதிரி இருந்தீர். இந்தக் கிழமை அடிக்க வாறீர். உங்களிலை இடைநடுவிலை ஒண்டும் இல்லையோ?” கேப்டன் கைக்குட்டையால் கீறலைத் துடைத்தார். “உம்மை எனக்குப் பிடிக்கேல்லை. அதைக் கம்பெனி கேக்கேல்லை. பக்கத்திலை இருக்க ஆகுமோ எண்டுதான் கேட்டது. ஆகும் எண்டு சொல்லிப்போட்டன். போம்.”

நன்றி சொல்லலாமா என்று யோசித்தான். சொல்லவில்லை. காலி நகரத்துக்குப் போகும் வீதியில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, முதலில் பிரேமினிக்கு செய்தி அனுப்பினான். பிறகு வீட்டுக்கு எடுத்தான். அம்மாதான் எடுத்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றான். சரி என்றாள். சந்தோஷமா என்று அவன் கேட்கவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, பையனுக்கு வேலை கெடச்சிருச்சாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னது கேட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து அழகனின் குரல் வந்தது. போனுக்குச் சொல்லவில்லை, பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. அடுப்புக்குச் சொன்னார்.

“அந்த ஏரோப்ளேன் டிரைவரு எவனோ. புள்ளகுட்டிக்காரனா இருப்பான். இவனப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஓட்டணும்னு அவன் தலையில எழுதியிருக்கு.”

“அம்மா, போனை அவர் கையில குடுங்க.”

“வேண்டாம் தம்பி.”

“குடுங்க.”

கொஞ்ச நேரம் ஏதோ உரசியது. பிறகு மூச்சுச் சத்தம். புகையிலை போட்ட வாயோடு விடுகிற மூச்சு.

“அப்பா, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணைக் காட்டுங்க. வெட்டி எடுத்தாத் தெரியும். நீங்க போகலன்னா நான் வந்து கூட்டிக்கிட்டுப் போவேன், லயமே பார்க்க.”

மூச்சு அப்படியே இருந்தது. யாரோ குடத்தை வைக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

விஜிதரன் திரும்ப எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.